சட்டைக்குள் ஒரு மூச்சு

காயில்காரர் பிறவியிலேயே பயந்த சுபாவம் உள்ளவர். எரிந்துபோன மின்விசிறி, மிக்ஸி, தண்ணீர் மோட்டார் எதுவானாலும் அதன் வயிற்றைத் திறந்து, கருகிய செம்புக் கம்பியை உரித்தெடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பது அவர் தொழில். அதனால் எல்லோருக்கும் அவர் காயில்காரர். நாள் முழுக்க மின்சாரத்தோடு புழங்குகிற அந்த மனிதர், வீட்டில் ஒரு பல்பு மாற்றுவதென்றால்கூட மெயினை அணைத்து, ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அதற்குப் பிறகும் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டூலில் ஏறுவார்.

"நீ கரண்ட் வேலை பாக்குறியா, இல்ல கரண்டுக்குப் பயந்து தலைமறைவா இருக்கியாடா?" என்று அவருடைய அக்கா கேட்பாள். அக்கா பக்கத்துத் தெருவில் குடியிருந்தாள். தம்பி வீட்டில் எது நடந்தாலும் முதல் ஆளாக வந்து நின்று, முதல் ஆளாகத் திட்டுகிறவள்.

நாய்க்குப் பயம், இடிக்குப் பயம், டாக்டர் முகத்தைப் பார்க்கப் பயம். மாடி வீட்டுக்காரர் என்றால் இன்னும் பயம். அவர் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். லாரியின் ஹார்னுக்கும் அவர் குரலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாததால் தெருவே அவரை ஏர்ஹார்ன் என்றுதான் சொல்லும். காலையில் லாரியைக் கிளப்பும்போது ஒரு தடவை ஹார்ன் அடிப்பார். அந்தச் சத்தத்தில் காயில்காரர் கையிலிருக்கும் காபி தினமும் கொஞ்சம் சிந்தும். ஒருநாளும் போய் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இதெல்லாம் சிரிப்பதற்கான பயங்கள். சிரிக்க முடியாத பயம் ஒன்றும் அவருக்குள் இருந்தது. கல்யாணமாகிச் சில வருஷம் கழித்துப் பிறந்த முதல் குழந்தை, பிறந்த அன்று மாலையே போய்விட்டது. அதற்கு வாங்கி வைத்திருந்த துணிகளை யார் எடுத்துப்போய் என்ன செய்தார்கள் என்று அவரும் கேட்கவில்லை, மனைவியும் சொல்லவில்லை. அந்தப் பேச்சை இருவரும் சேர்ந்து ஒரு அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, அந்த அறைப்பக்கமே போகாமல் குடித்தனம் நடத்தினார்கள்.

தலையில் நரை எட்டிப் பார்க்கிற வயதில் மனைவி மறுபடி உண்டானாள். காயில்காரர் சந்தோஷப்படக்கூடப் பயந்தார். அவர் பயந்தபடியே, நாள் நிறைவதற்கு ரொம்ப முன்னாடியே வலி கண்டு, ஆப்பரேஷன் செய்து, ஒரு பெண் குழந்தையை எடுத்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த அதைப் பார்க்க அக்காதான் முதல் ஆளாக வந்தாள். பெட்டிமேல் குனிந்து, "என்னடா இது, இவ்வளவு பொடிசா இருக்கு" என்றாள். அன்றிலிருந்து குழந்தைக்குப் பொடிசு என்றே பேராகிவிட்டது.

பொடிசு பெட்டியில் பல வாரம் இருந்தாள். மூக்கிலிருந்த குழாயை எடுத்தார்கள், சின்னக் கரண்டியால் பால் கொடுத்தார்கள், எடையும் கொஞ்சம் கூடியது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரம் திருவருகைக் காலம். அதன் முதல் ஞாயிறுக்கு முந்தின நாள், வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

குழந்தைகள் வார்டின் மூத்த நர்ஸ் அவரைக் கூப்பிட்டார். கண்டிப்பான ஆள்.

"இனிமே பெட்டி கிடையாது. உங்க நெஞ்சுதான் பெட்டி."

"என் நெஞ்சா சிஸ்டர்? அவங்க அம்மா…"

"அம்மாவுக்கு வயித்துத் தையல் இன்னும் ஆறல. சீழ் வெச்சிருக்கு. அவங்க முடியறப்ப வெச்சுக்கட்டும். மிச்ச நேரமெல்லாம் நீங்கதான். சட்டையக் கழட்டுங்க."

கூச்சத்தோடு கழற்றினார். நர்ஸ் குழந்தையைத் தவளைக்குட்டி மாதிரி அவர் மார்பில் ஒட்டி வைத்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, ஒரு நீளத் துணியால் சுற்றிக் கட்டினார். அதன் மேலேயே சட்டையைப் போடச் சொன்னார். ஒரு டேபிள் ஃபேன் மோட்டார் அளவுக்குக்கூடக் கனமில்லை. ஆனால் சூடு இருந்தது. அந்தச் சூடு தோலில் பட்டதும் காயில்காரர் தான் மூச்சு விடுவதை நிறுத்திவிட்டார்.

"நீங்க மூச்சு விடலாம், பரவாயில்ல" என்றார் நர்ஸ். "இன்னொண்ணு. இந்த மாதிரி அவசரப்பட்டு வந்த பிள்ளைங்க சில நேரம் மூச்சு விட மறந்துடும்."

"மறந்துடுமா?"

"இப்பல்லாம் இவ மறக்கறதில்ல. இருந்தாலும் சொல்லி வெக்கறேன். அப்படி ஆச்சுன்னா உள்ளங்காலைச் சுண்டுங்க. முதுகைத் தேச்சு விடுங்க. ஞாபகம் வந்துடும். வரலைன்னா ஓடி வந்துடுங்க."

பால் கொடுக்கும் முறை, சோப்பு போட்டுக் கை கழுவுவது, சளி இருமல்காரர்களைக் கிட்டே விடாமல் இருப்பது என்று அவர் இன்னும் எவ்வளவோ சொன்னார். காயில்காரர் காதில் எதுவும் ஏறவில்லை. மூச்சு விட மறந்துடும். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தூக்கிக்கொண்டு அவர் வீடு வந்து சேர்ந்தார்.

வீட்டில் அக்கா எல்லாம் தயார் செய்து வைத்திருந்தாள். மேசை மேல் பச்சை இலை வளையம், அதில் திருவருகைக் கால மெழுகுவர்த்திகள், ஊதா நாடா எல்லாம் இருந்தன. அவள் தீக்குச்சியை உரசப் போனபோது காயில்காரர் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தார்.

"வேணாம்க்கா. புகை."

"மெழுகுவர்த்திப் புகையாடா? கடவுளுக்கு ஏத்துறது."

"கடவுளுக்கு நுரையீரல் நல்லா இருக்கு. இவளுக்கு இல்ல."

அக்கா அவரை முறைத்துப் பார்த்துவிட்டுத் தீப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டாள். இதைச் சொன்னவர் சாதாரண ஆளில்லை. கோயிலின் வயரிங் எல்லாம் இலவசமாகப் பார்த்துக் கொடுக்கிறவர். ஒவ்வொரு வருஷமும் இந்தக் காலத்தில் கோபுரத்து நட்சத்திரத்துக்கு விளக்குப் போட்டு, வேலை முடிந்ததும் யாருமில்லாத கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அந்த அமைதியில்தான் கடவுள் பக்கத்தில் இருப்பது போல அவருக்குத் தோன்றும். பயமில்லாமல் இருக்கிற நேரம் அவருக்கு வருஷத்தில் அதுதான்.

இந்த வருஷம் அதுவும் இல்லை. கூட்டத்துக்குள் போனால் யாராவது இருமுவார்கள், அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோம். நட்சத்திரத்தை வேறு யாரோ மாட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தபோது அவர் பின்னறையில் சாய்வு நாற்காலியில் சட்டைக்குள் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். முன்னறைதான் பட்டறை. சுற்றிய கம்பிக்குப் பூசும் வார்னிஷ் வாடை பிள்ளைக்கு ஆகாது என்று டப்பாக்களையெல்லாம் நண்பர் கடைக்கு அனுப்பிவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தார். அவசரக்காரர்கள் குனிந்து எட்டிப் பார்ப்பார்கள்.

"காயில்காரரே, நம்ம மிக்ஸி என்ன ஆச்சு?"

"அங்கேயே நில்லுங்க. உள்ள வராதீங்க. இருமல் இருக்கா?"

"மிக்ஸிக்கா, எனக்கா?"

அவர் சிரிக்கவில்லை. சிரித்தால் மார்பு குலுங்கும்.

ஜபம் செய்து பார்த்தார். சின்ன வயதிலிருந்து வாயில் ஊறிப்போன ஜபம்தான். இரண்டாவது வரிக்குப் போவதற்குள் குனிந்து பார்க்கத் தோன்றும். மூக்குக்கிட்டே விரலை வைப்பார். மெல்லிய ஊதல் விரலில் படும். மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பார். மறுபடி குனிவார். முழுதாக ஒரு ஜபம்கூடச் சொல்ல முடியாத கிறிஸ்தவனாகிவிட்டோமே என்று அதற்கும் பயந்தார். 'சாமி அங்க கோயில்ல இருக்கார். நான் இங்க இருக்கேன். நடுவுல இவ மூச்சு இருக்கு' என்று நினைத்துக்கொள்வார்.

அவர் பயம் ஏர்ஹார்னையும் விட்டுவைக்கவில்லை. காலை ஹார்னுக்குக் குழந்தை தூக்கிவாரிப் போட்டுக் கையை விரித்ததைப் பார்த்து, அக்காவைத் தூது அனுப்பினார். அடுத்த நிமிஷம் ஏர்ஹார்னே இறங்கி வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றார்.

"பாப்பா தூங்குதா?" என்று ரகசியமாகக் கேட்டார். அவருடைய ரகசியம் எதிர்வீடு வரைக்கும் கேட்டது. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார். நான் என்ன புலியா?"

மறுநாளிலிருந்து அவர் லாரியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வர ஆரம்பித்தார்.

இரண்டாவது வாரத்தில் ஒரு மத்தியானம். மனைவி பக்கத்துக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். வெளியே வெயில் இல்லை, மழையும் இல்லை. காயில்காரர் வழக்கம்போலக் குனிந்து, சட்டைப் பொத்தான் இடைவெளியில் தெரிந்த அந்தச் சின்னத் தலையைப் பார்த்து, "இருக்கியா?" என்றார். நாள் முழுக்க அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு ஊதல். இருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "இருக்கியா?" மறுபடி ஒரு ஊதல்.

அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. கடைசி பெஞ்சில் இத்தனை வருஷமாக உட்கார்ந்து, வாய் ஏதேதோ சொல்ல, மனசு கேட்டுக்கொண்டிருந்ததும் இதே கேள்விதான். இருக்கியா? அங்கே பதில் வந்ததா என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியாது. வந்தது என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்புவார். இங்கே பதில் வருகிறது, தோலில் படுகிறது, பால் வாடை அடிக்கிறது. கிறிஸ்துமஸ் அன்று குழந்தையாகப் பிறந்த கடவுளும் இவ்வளவு எடையில்தான் யாரோ ஒருத்தர் மார்பில் கிடந்திருப்பார் என்று நினைத்தார். அவருடைய மூச்சையும் யாரோ குனிந்து குனிந்து பார்த்திருப்பார்கள். அந்த நினைப்பு வந்ததும் அழுகை வந்தது. அழுதால் மார்பு குலுங்கும் என்று அதையும் அடக்கிக்கொண்டார்.

நினைப்பு ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் பயம் போகவில்லை. போதாக்குறைக்கு இன்னும் கனமாயிற்று. கையில் இருப்பது இவள் மட்டும் இல்லை, கடவுளும்தானோ என்று தோன்றிவிட்டால் எப்படி இருக்கும்?

மூன்றாவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. மனைவிக்குப் புண் கட்டு மாற்ற ஆஸ்பத்திரி போகவேண்டிய நாள். அக்கா ஆட்டோ கூப்பிட்டு வந்தாள். குழந்தை காலையிலிருந்து சரியாகப் பால் குடிக்கவில்லை, மூக்கு லேசாக அடைத்த மாதிரி இருந்தது.

"எனக்குப் பயமா இருக்கு" என்றார் காயில்காரர்.

"உங்களுக்கு எப்பதான் பயமில்ல?" என்றாள் மனைவி. கோபமில்லை, களைப்பு. "அதே ஆஸ்பத்திரிக்குத்தானே போறேன். குழந்தை டாக்டர்கிட்டயும் கேட்டுட்டு வந்துடறேன். இந்த மழையில இவள வெளிய எடுக்க வேணாம்."

எந்நேரமும் பயப்படுகிறவனின் பயத்தை அவனே நம்புவதில்லை. அவர் தலையாட்டினார். இரண்டு பெண்களையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோ போய்விட்டது.

குழந்தை தூங்கினாள். மழைச் சத்தத்தில் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. அவர் கையை உள்ளே விட்டு முதுகில் வைத்துக்கொண்டார். முதுகு ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது. பிறகு ஏறவில்லை.

"இருக்கியா?"

மார்பில் ஊதல் படவில்லை.

அவர் பொத்தான்களைப் பிய்த்தார். உதடு ஊதாவாகிக்கொண்டிருந்தது. முகத்தில் எந்தச் சிரமமும் இல்லை. ஒரு சின்ன வேலையை மறந்துவிட்ட மாதிரி சாந்தமாக இருந்தாள். அதுதான் அவரைக் குலை நடுங்க வைத்தது. உள்ளங்காலைச் சுண்டினார். ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் அவருடைய கை நின்றுவிட்டது. முதல் குழந்தையை வெள்ளைத் துணியில் சுற்றி நீட்டியபோது வாங்கிக்கொள்ளாமல் நின்ற அதே கை. நகர் என்றால் நகரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றது என்று அவருக்கு எப்போதும் தெரியப்போவதில்லை. ஒரு கணமாகத்தான் இருக்கும்.

பிறகு கை தானாக நகர்ந்து முதுகைத் தேய்த்தது. கரகரவென்று, கம்பி சுற்றித் தடித்துப்போன விரல்களால், தோல் சிவக்கிற அளவுக்குத் தேய்த்தது. மறுபடி உள்ளங்காலைச் சுண்டியது. குழந்தை ஒரு விக்கல் போல இழுத்தாள். ஒரு மூச்சு. ஒரு பெரிய இடைவெளி. இன்னொரு மூச்சு.

அவர் அவளைச் சட்டையோடு சேர்த்து அணைத்துக்கொண்டு ஷட்டருக்குக் கீழே குனிந்து தெருவுக்கு ஓடினார். செருப்பில்லை. ஆட்டோ எதுவும் இல்லை. தெருமுனையில் லாரி நின்றது. ஏர்ஹார்ன் மழைக்கு ஒதுங்கி வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். சட்டை திறந்து, நனைந்து, வாய் கோணி ஓடி வரும் காயில்காரரைப் பார்த்ததும் டிபன் பாக்ஸை அப்படியே ஜன்னல் வழியாக வெளியே போட்டுவிட்டுக் கதவைத் திறந்தார்.

தண்ணீர் நிறைந்த லாரி வேகமாகப் போகாது. ஆனால் அந்த ஹார்னை யாராலும் அலட்சியப்படுத்த முடியாது. ஏர்ஹார்ன் அதை அழுத்தின கையை எடுக்கவேயில்லை. பஸ்கள் ஒதுங்கின. காயில்காரர் ஒரு துண்டைக் குழந்தை மேல் போர்த்தி, முதுகைத் தேய்த்துக்கொண்டே, அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

"இருக்கியா? இருக்கியா?"

"இருக்கேன் சார்! இங்கதான் இருக்கேன்! இருக்கேன்!" என்று பக்கத்து சீட்டிலிருந்து ஏர்ஹார்ன் திரும்பக் கத்தினார். தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்துவிட்டார். வழி முழுக்கக் காயில்காரர் கேட்கக் கேட்க, ஏர்ஹார்ன் சொல்லிக்கொண்டே வந்தார். மழையில் வைப்பர் ஒரு பக்கம்தான் வேலை செய்தது. ஆஸ்பத்திரி வாசலில் லாரியைக் குறுக்கே நிறுத்திவிட்டு, காவலாளியிடம், "எடுக்க மாட்டேன்யா, முதல்ல புள்ளைய உள்ள விடு" என்று அவர் போட்ட சத்தம் மூன்றாவது மாடி வரை கேட்டதாம்.

அதே மூத்த நர்ஸ் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. காயில்காரரின் மார்பில் அவள் கிடந்த இடம் மட்டும் சில்லென்று ஆனது. அங்கே காற்று பட்டது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. சட்டையை இழுத்து மூடினார், பொத்தான்கள் இல்லை.

கட்டுப் போடும் அறையிலிருந்து மனைவியும் அக்காவும் ஓடி வந்தார்கள். மனைவி ஓடக்கூடாது. ஓடினாள். நீளப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஏர்ஹார்ன் சுவரோரம் நின்றார். அவ்வளவு பெரிய குரலை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார்.

நேரம் போகப் போகக் காயில்காரர் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் நின்னுட்டேன்" என்றார் மனைவியிடம். "கை வரல. அன்னிக்கி மாதிரியே. கொஞ்ச நேரம் சும்மா நின்னுட்டேன்."

அன்னிக்கி என்று அவர் சொன்னதும் அவள் நிமிர்ந்தாள். இத்தனை வருஷத்தில் அந்த நாளைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது.

"நின்னவரு எப்படிங்க இங்க வந்தீங்க?" என்றாள்.

அவர் பொத்தானில்லாத சட்டையை மறுபடி இழுத்து மூடினார்.

"நான் ஒண்ணு சொல்றேன்" என்றாள் அவள். "நீங்க அவள வெச்சிருக்கறப்ப நான் தூங்குறேன்னு நெனச்சீங்கல்ல? ஒரு நாளும் தூங்கல. சுவத்தப் பாத்துப் படுத்துக்கிட்டு உங்க மூச்சையும் அவ மூச்சையும் கேட்டுட்டே கெடப்பேன். நீங்க 'இருக்கியா, இருக்கியா'ன்னு கேப்பீங்கல்ல, ஒவ்வொரு வாட்டியும் அவளுக்குப் பதிலா நான் மனசுக்குள்ள 'இருக்கா, இருக்கா'ன்னு சொல்லிக்குவேன்."

"நானும் நீ வெச்சிருக்கறப்ப தூங்கல" என்றார் அவர்.

"தெரியும். குறட்டை விடாம நீங்க தூங்கி நான் பாத்ததில்ல."

பக்கத்திலிருந்த அக்கா சேலைத் தலைப்பில் மூக்கைச் சிந்தினாள். "ரெண்டும் சேந்து நடிச்சிருக்கு பாரு. ஒருத்தராவது தூங்கித் தொலைச்சிருக்கலாம்ல?"

அந்தப் பெஞ்சில்தான் காயில்காரருக்கு லாரிக்குள் கேட்ட குரல் திரும்ப ஞாபகம் வந்தது. இருக்கேன் சார், இங்கதான் இருக்கேன். வாழ்நாள் முழுக்க அவர் கேட்ட கேள்விக்கு இவ்வளவு சத்தமாக, இவ்வளவு உறுதியாக யாரும் பதில் சொன்னதில்லை. அந்த மனுஷனைப் பார்த்தா இத்தனை காலம் பயந்தோம் என்று நிமிர்ந்து பார்த்தார். ஏர்ஹார்ன் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவர் எந்தக் கோயிலுக்கும் போகிறவர் இல்லை. யாரை வேண்டிக்கொள்கிறார் என்று காயில்காரர் கடைசி வரை கேட்கவில்லை.

டாக்டர் வெளியே வந்தபோது எல்லோரும் ஒன்றாக எழுந்தார்கள். சளி பிடித்திருக்கிறது, இவ்வளவு சின்னக் குழந்தைகளுக்குச் சளியே மூச்சை நிறுத்தும், இப்போது தானாக மூச்சு விடுகிறாள், ஆனால் இன்னும் சில நாள் இங்கேயே வைத்துப் பார்க்கவேண்டும் என்றார்.

"எங்கிருந்து வந்துச்சு டாக்டர்? மிக்ஸிக்காரர் ஒருத்தர் வந்தாரு, ஆனா உள்ள விடல…"

"அதைத் தேடாதீங்க" என்றார் டாக்டர். "கிடைக்காது. கிடைச்சாலும் பிரயோஜனமில்ல. நேரத்துக்குக் கொண்டு வந்தீங்க, அவ்வளவுதான்."

அந்த நாட்கள் லேசாகப் போகவில்லை. முதல் இரண்டு நாள் அவள் மறுபடியும் மறந்தாள். ஒவ்வொரு தடவை இயந்திரம் கீச்சென்று கத்தும்போதும் நர்ஸ் ஓடி வருவார், காயில்காரரும் பின்னாலேயே ஓடுவார். மூன்றாம் நாள் கீச்சுச் சத்தம் குறைந்தது. பிறகு நின்றது. நான்காவது ஞாயிறும் ஆஸ்பத்திரியிலேயே வந்தது. அன்று மத்தியானம் பாதிரியார் பார்க்க வந்தார். இளவயதுக்காரர், மேடையில் ஏறினால் வெளுத்து வாங்குவார். கையை முழங்கை வரை கழுவி, கட்டிலருகே வந்தவரிடம் நர்ஸ், "கொஞ்ச நேரம் பிடிங்க ஃபாதர், துணி மாத்தணும்" என்று குழந்தையைக் கொடுத்துவிட்டார்.

பாதிரியார் சிலையாகிவிட்டார்.

"எனக்குப் பழக்கமில்ல" என்றார் சன்னமாக. "கீழ போட்டுட்டா?"

"கழுத்தைத் தாங்கிக்குங்க ஃபாதர்" என்றார் காயில்காரர். "நெஞ்சோட சேத்துக்குங்க. அவ்வளவுதான். பயம் எனக்கும்தான் இருக்கு."

பாதிரியார் மெதுவாக அவளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். ஆசீர்வாத ஜபம் சொல்ல வாயைத் திறந்தவர் சொல்லவில்லை. குனிந்து அவள் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். துணி மாற்றி முடித்த நர்ஸ் கையை நீட்டியும்கூட உடனே கொடுக்கவில்லை.

காயில்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்த கிறிஸ்துமஸ் கதையில் தேவதூதன் வந்த இடத்திலெல்லாம் அஞ்சாதே, அஞ்சாதே என்றுதான் சொல்வான். அதைக் கேட்கும்போதெல்லாம் அது தன்னைக் குற்றம் சொல்வது போல இருக்கும் அவருக்கு. சொன்னவுடனே அவர்கள் பயம் போயிருக்கும், நமக்குத்தான் போகவில்லை என்று நினைப்பார். அன்றைக்கு வேறு மாதிரி தோன்றியது. அந்தக் கதையில் தெய்வக் குழந்தையை வளர்க்கப்போகிற தச்சருக்கும் பயம் போயிருக்காது. பயத்தோடேயே எழுந்து, பயத்தோடேயே கர்ப்பிணி மனைவியைக் கூட்டிக்கொண்டு வழி நடந்து, பயத்தோடேயே பிள்ளையைத் துணியில் சுற்றியிருப்பார். கை மட்டும் நின்றுபோகாமல் பார்த்துக்கொண்டிருப்பார். நின்றிருந்தாலும் மறுபடி நகர்ந்திருக்கும்.

இதை யாரிடமும் அவர் சொல்லவில்லை. சொல்கிற அளவுக்குப் பெரிய விஷயமாகவும் அவருக்குப் படவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று காலை அவர்கள் இன்னும் வார்டில்தான் இருந்தார்கள். மனைவி குழந்தையை மார்பில் கட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் முதல் தடவையாக, நிஜமாகவே தூங்கினாள். காயில்காரர் குளியலறைக் குழாயடியில் குழந்தையின் துணிகளை அலசினார். கையளவு சட்டைகள், கைக்குட்டை மாதிரித் துணிகள். சோப்பு நுரையில் கையை விட்டுக்கொண்டு அவர் ஜபத்தின் முதல் வரியைச் சொன்னார். இரண்டாவது வரியைச் சொன்னார். குனிந்து பார்க்க எதுவும் இல்லாததால் மூன்றாவது வரிக்கும் போனார். ஆனால் கடைசி வரி வருவதற்குள் பயம் வந்துவிட்டது. துணியை அப்படியே வாளியில் போட்டுவிட்டு, நுரைக் கையோடு ஓடிப்போய்க் கதவருகில் நின்று பார்த்தார். இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் மூச்சு வந்துகொண்டிருந்தது. திரும்ப வந்து அலசினார்.

பொடிசு பிழைத்துக்கொண்டாள். புது வருஷம் பிறந்து சில நாளில் வீட்டுக்கு வந்தாள். அதன் பிறகு மூச்சு விட மறக்கவில்லை, மற்ற எல்லாவற்றையும் நினைவில் வைத்துப் பிடிவாதம் பிடிக்கவும் கற்றுக்கொண்டாள். காயில்காரர் ஒன்றும் வீரராகிவிடவில்லை. ஷட்டரை முழுதாகத் திறந்து மறுபடி வேலை செய்தார். கம்பி சுற்றும்போது நடுவில் எழுந்துபோய்த் தொட்டிலைப் பார்த்துவிட்டு வருவதில் சுற்றுக் கணக்கு விட்டுப்போய், பிரித்து மறுபடி சுற்றுவார். வாடிக்கையாளர்கள் பழகிக்கொண்டார்கள்.

மழை ஓய்ந்து வெயில் ஏறியபின், டாக்டர் சரி என்று சொன்ன ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் அவளை முதல் தடவையாகக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். அக்கா இரண்டு நாளாகச் சட்டை தைத்திருந்தாள். ஏர்ஹார்னும், பாப்பாவைப் பார்க்கத்தான், வேறொன்றுமில்லை என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டுக் கூட வந்து கதவோரம் நின்றார். பாதிரியார் பிரசங்கத்தைத் தொடங்கினார். நல்ல அமைதி. அந்த அமைதியின் நட்டநடுவில் பொடிசு வாயைத் திறந்து அழ ஆரம்பித்தாள்.

சாதாரண அழுகை இல்லை அது. நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, முகம் சிவந்து, கூரை அதிர அழுதாள். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். மைக்கில் பாதிரியார் குரல் காணாமல் போனது.

"அமத்துடா அவள!" என்று அக்கா காயில்காரரின் தொடையில் கிள்ளினாள். "ஊரே பாக்குது!"

கூட்டம் திரும்பிப் பார்த்தால் கூனிக் குறுகிவிடுகிற மனிதர் அவர். அன்று அசையவில்லை. அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அவள் விட்ட ஒவ்வொரு மூச்சும் காதைக் கிழித்துக்கொண்டு போவதைக் கேட்டபடி, கடைசி பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அழட்டும்க்கா" என்றார். "நல்லா அழட்டும்."